வீட்டிலே விளையும் விழாக்கோலம்

ஆண்டின் கடைசிப் பகுதி நெருங்கிவிட்டால் இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் விழாக்களின் வரிசை தொடங்கிவிடும். நவராத்திரியின் நிறைவில் வாணி விழா, அடுத்துத் தீபாவளி, மார்கழியில் நத்தாரை முன்னிட்டு ஒளிவிழா, ஆண்டு திரும்பியதும் தைப்பொங்கல். பிறைக் கணக்கின்படி வரும் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் ஏறக்குறையப் பதினொரு நாள் முந்தி வந்து, ஒவ்வொரு பருவத்தையும் முறை வைத்துத் தொட்டுச் செல்லும். எப்பெருநாளாயினும் சிறுவர் உள்ளம் விரும்புவன இரண்டு. ஒன்று, விரல் நகத்திலே நிறம்; மற்றொன்று, மேடையேறுவதற்கு ஒரு வேடம்.

இவை அற்ப விடயங்கள் என்று பெரியவர்கள் கருதலாம். ஆயினும் விழா நெருங்கும் நாளில் பல வீடுகளில் நிகழ்வதைச் சற்று நோக்கினால் இவற்றின் கனம் புலனாகும். பாடசாலையிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வருகின்றது. பிள்ளை தேவதையாக வரவேண்டும், உரிய உடை கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கின்றது. வாடகைக்கு உடை கொடுக்கும் கடை நகரத்தில் உண்டு. நாட்கூலியில் அடுப்பெரியும் வீட்டிலோ, ஒரு மணி நேரம் அணியும் உடைக்குக் கொடுக்கும் பணம் பல வேளை உணவின் விலையாகும். தாய் கணக்குப் பார்க்கிறாள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. விழாவன்று அப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி வருகின்றது. அஃது உடம்பிலே தோன்றிய காய்ச்சல் அன்று என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் எவரும் அறிவர்.

பணமின்றி அழகு செய்தல் இயலுமா என்பதே கேள்வி. இயலும். அதற்கு வேண்டியவை பெரும்பாலும் வீட்டிலும் வேலியோரத்திலும் உள்ளன. ஊசி பிடித்துப் பழகாதவரும் தூரிகை தொட்டறியாதவரும் தொடங்கக்கூடிய எளிய முறைகள் சில இங்கே கூறப்படும்.

முதலில் நகத்தை எடுத்துக்கொள்வோம். நம்முடைய பாட்டிமார் அறிந்திருந்த நகப்பூச்சு மருதோன்றி. மருதாணி என்றும் வழங்கும் இச்செடியின் இலையில் லோசோன் என்னும் நிறப்பொருள் சிறிதளவு உண்டு; உலர்ந்த இலையின் எடையில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். இலையை அரைக்கும்போது அது வெளிப்பட்டு, தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரற்றின் என்னும் புரதத்தோடு பிணைந்துகொள்கின்றது. நகம் முழுவதும் கெரற்றினாலேயே ஆனதாகையால் அங்கே நிறம் ஆழ்ந்து பற்றும். தோலிற் படிந்த நிறம் இரண்டொரு வாரத்தில் மங்கிவிடும். நகத்திற் படிந்ததோ நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்கும். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளர்வதால், ஒரு முறை இட்ட செம்மை ஐந்தாறு மாதங்களில் மெல்ல மெல்ல நுனிக்கு நகர்ந்து மறையும்.

செய்முறை எளிது. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொடங்குதல் நன்று; ஏனெனில் நிறம் முதலில் தோடம்பழ வண்ணமாகத் தோன்றி, காற்றுப்பட்டு ஓரிரு நாளிலேதான் கருஞ்சிவப்பாகத் திரளும். இளந்தளிர்களைப் பறித்துக் கழுவி, நீரை வடியவிட்டு, அம்மியில் வைத்துச் சில துளி தேசிக்காய்ச் சாறும், கொதிக்கவைத்து ஆற்றிய தேயிலைச் சாயம் சிறிதும் சேர்த்து மைபோல அரைக்கவேண்டும். புளிப்பு நிறப்பொருளை வெளிக்கொணர உதவுகின்றது. பசை இளகி வழியவும் கூடாது, உதிரவும் கூடாது. உலர்ந்த தூளே கிடைக்குமாயின் தேசிக்காய்ச் சாற்றிற் குழைத்துச் சில மணி நேரம் மூடிவைத்துப் பின் இடலாம்.

புதிதாகச் செய்பவர் விரலெல்லாம் சிவந்துவிடுமே என அஞ்சுவர். நகத்தைச் சுற்றியுள்ள தோலிலே தேங்காயெண்ணெயைச் சிறிது தடவிவிட்டால் அவ்விடத்தில் நிறம் எளிதிற் பற்றாது. நகத்திலே எண்ணெய் படாமற் பார்த்துக்கொண்டாற் போதும். நகத்தின் அடியிலே பிறைபோன்ற வெண்மை தெரியவேண்டுமாயின், ஒட்டுநாடாவைப் பிறைவடிவில் நறுக்கி அங்கே ஒட்டிவிட்டுப் பசையை இடலாம். காய்ந்தபின் நாடாவை உரித்தால் செம்மைக்குள் வெண்பிறை எழும். நோன்புப் பெருநாளுக்கு இதனினும் பொருத்தமான கோலம் வேறில்லை. உள்ளங்கை நடுவே வட்டமாக ஒரு நிலா வைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி போடுவது பழைய முறை. அதற்குக் கைத்திறன் ஒன்றும் வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்திருந்து, காய்ந்த பசையை நீரிற் கழுவாது உதிர்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் பூசவேண்டும். அன்று கை நனையாதிருப்பது நிறத்துக்கு நன்மை.

தொழுகைக்கு முன் கைகால் கழுவும் முஸ்லிம் பெண்களிடத்தே மருதோன்றிக்குத் தனி மதிப்பு உண்டு. நகப்பூச்சு நகத்தின்மேல் மென்படலமாகப் படிந்து நீரைத் தடுக்கும். மருதோன்றியோ நகத்தோடு ஒன்றிவிடுவதால் நீர் படுவதற்கு இடையூறு செய்வதில்லை.

மருதோன்றி கிடைக்காத இடத்தில் காசித்தும்பை கைகொடுக்கும். வீட்டு முற்றங்களிலே மழைக்காலத்திற் செழித்து வளரும் இப்பூஞ்செடியிலும் அதே லோசோன் உண்டு. கொரிய நாட்டிலே இது தொன்றுதொட்ட வழக்கம். அங்கே கோடையிற் பூக்கும் காசித்தும்பையின் இதழையும் இலையையும் சிறிது படிகாரத்தோடு இடித்து, விரல் நகத்தில் வைத்து, இலையால் மூடி நூலாற் கட்டி, இரவு முழுவதும் விட்டுவிடுவர். விடியும்போது நகம் செம்மஞ்சளாக ஒளிரும். முதற் பனி விழும்வரை அந்நிறம் நகத்தில் எஞ்சியிருந்தால் முதற்காதல் கைகூடும் என்பது அந்நாட்டுப் பெண்களின் நம்பிக்கை. பனி அறியாத நம் நாட்டிலே அந்தச் சோதனைக்கு வாய்ப்பில்லை. ஆயினும் பூ இங்கும் உண்டு, நகமும் உண்டு.

இனிக் கடையில் வாங்கும் நகப்பூச்சு. மோட்டார் வண்டிகளுக்கு அடிக்கும் நைற்றோசெலுலோசு வர்ணத்தின் உறவுமுறையில் வந்ததே இது. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சாள்ஸ் ரெவ்சன், அவருடைய சகோதரர் யோசப், இரசாயன அறிஞர் சாள்ஸ் லக்மன் ஆகிய மூவரும் ரெவ்லோன் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்த ஒரே சரக்கு நகப்பூச்சுத்தான். ஒளி ஊடுருவும் சாயத்துக்குப் பதிலாக நிறத்தூளைக் கலந்து, நகத்தை முற்றாக மூடும் வண்ணத்தை அவர்கள் அளித்தார்கள்.

ஒரு சிவப்புப் புட்டியும் ஒரு வெள்ளைப் புட்டியும் வீட்டிலிருந்தால் நத்தாருக்கு வேண்டிய கோலங்கள் பலவற்றை ஆக்கலாம். முதலிற் சிவப்பை மெல்லிதாக இருமுறை பூசவேண்டும். முதற்பூச்சுக் காயுமுன் இரண்டாவதைப் பூசினால் அது சுருங்கிக் கெடும். நன்கு காய்ந்தபின் குண்டூசியின் தலையை வெள்ளையில் தொட்டு ஒற்றினால் பனித்துளி. ஐந்து புள்ளியை வட்டமாக ஒற்றி நடுவே ஒன்று வைத்தால் மலர். நகத்தின் குறுக்கே ஒட்டுநாடாவை ஒட்டி, எஞ்சிய நுனியில் வெள்ளை பூசி, உடனே நாடாவை உரித்தால் நத்தார்த் தாத்தாவின் தொப்பிக்கரை. பொங்கலுக்கு மஞ்சள் நகத்திலே வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்தால் அது முற்றத்துக் கோலத்தின் சிறு பிரதி. பத்து விரலிலும் படம் வரைய முயல்வதே தொடக்கக்காரர் செய்யும் தவறு. ஒவ்வொரு கையிலும் மோதிர விரலில் மட்டும் கோலமிட்டு மற்றவற்றை ஒரே நிறமாக விட்டால் வேலையும் குறையும், அழகும் கூடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். நகப்பூச்சும் அதை அழிக்கும் திராவகமும் எளிதிற் தீப்பற்றுவன. அடுப்பங்கரையிலோ, எரியும் விளக்கின் அருகிலோ இவற்றைத் திறத்தல் ஆகாது. காற்றோட்டமுள்ள இடத்திலிருந்தே பூசவேண்டும். நகங்கடிக்கும் பழக்கமுள்ள சிறு பிள்ளைக்கு இப்பூச்சை இடாதிருத்தலே மேல்.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் பெரிது. பெருநாட் சந்தைகளில் கறுப்பு மருதாணி என்று ஒன்று விற்கப்படுகின்றது. இயற்கை மருதோன்றி ஒருபோதும் கன்னங்கரிய நிறம் தருவதில்லை. ஒரு மணி நேரத்திற்குள் முதிர்ந்த நிறம் தருவதுமில்லை. அவ்வாறு தரும் பசையில் பெரும்பாலும் கலந்திருப்பது பரா பினைலீன் டையமீன் என்னும் தலைமுடிச் சாயப்பொருள். இதனைத் தோலில் இடுவதை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. சிலருக்கு இது சில நாட்களுக்குள்ளே கொப்புளம் எழுப்பும். ஆறினாலும் கோலத்தின் வடிவிலேயே தழும்பு நிற்பதுண்டு. தீங்கு அத்தோடு முடிவதில்லை. ஒருமுறை ஒவ்வாமை கண்ட உடல் அதனை ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும். சிறுமியாயிருந்தபோது கையில் கறுப்புக் கோலமிட்டவள், பின்னொரு காலத்தில் தலைக்குச் சாயமிடும்போது முகம் வீங்கி வைத்தியசாலைக்குச் செல்ல நேரலாம். ஆகவே கறுப்பு நிறம் என்றாலே விலக்குவதுதான் அறிவுடைமை. ஜீ-சிக்ஸ்-பீ-டீ என்னும் நொதியம் குறைந்த பிள்ளைகளுக்குத் தூய மருதோன்றியும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதையும், கைக்குழந்தைகளுக்கு அதனை இடாதிருப்பதே நலம் என்பதையும் தாய்மார் நினைவிற் கொள்க.

நகத்தை விட்டு இனி வேடத்துக்கு வருவோம். வேடம் புனைவதில் முதலிற் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு பாத்திரத்தைப் பார்ப்பவருக்கு உணர்த்த முழு உடையும் வேண்டியதில்லை. ஓர் அடையாளம் போதும். வெண்தலைப்பாகையும் முறுக்கிய மீசையும் கறுப்புக் கோட்டும் கண்டவுடன் பாரதியார் என்று அவையோர் அறிவர். நரைத்த தலையும் கையில் ஒரு கோலும் வெள்ளைச் சீலையும் ஔவையாருக்குப் போதும். தோளில் ஒரு போர்வை, தலையில் துவாய், அதைச் சுற்றி ஒரு கயிறு, கையிலே வளைந்த தடி: பெத்லகேமின் இடையன் எழுந்து நிற்கிறான். நம் நாட்டுக்கூத்து அண்ணாவிமாரும் இந்த நுட்பத்தை அறிந்தவர்களே. மரத்திலும் மட்டையிலும் முடி செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணக் கடதாசியும் ஒட்டி, பந்த வெளிச்சத்திலே வயல்வெளிக் களரியில் அரசர்களை நடமாடவிட்டார்கள்.

தையல் அறியாதவரும் செய்யத்தக்க அங்கி ஒன்றைக் கூறலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பழைய சாரம் போதும். சாரத்தின் மூட்டைப் பிரித்தால் ஏறக்குறைய 2 மீற்றர் நீளமும் 110 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள துணி கிடைக்கும். பிள்ளையின் தோளிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல்வரை அளக்க வேண்டும். அது 90 சென்ரிமீற்றர் எனக் கொண்டால் துணியை 180 சென்ரிமீற்றருக்கு வெட்டி, முன்பாதியும் பின்பாதியும் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு குறுக்கே மடிக்க வேண்டும். மடிப்புத் தோளாகும். மடிப்பின் நடுவை மையமாக வைத்து 6 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டமாகக் கழுத்தை வெட்டி, முன்பக்கத்திலே 10 சென்ரிமீற்றர் கீழ்நோக்கிக் கீறிவிட்டால் தலை நுழையும். கழுத்தைச் சிறிதாகவே வெட்டத் தொடங்குக. பெருப்பிக்கலாம், குறுக்க முடியாது.

பிறகு இருபுறமும் கைக்கு 25 சென்ரிமீற்றர் ஆழம் விட்டு, நடுவுடலுக்கு 45 சென்ரிமீற்றர் அகலம் விட்டுச் சோக்கட்டியாற் கோடிட்டு, கையின் அடியிலிருந்து அக்குள் வரையும், அக்குளிலிருந்து கீழ்நோக்கியும் நூலோட்டத் தையல் போடவேண்டும். அடியில் 20 சென்ரிமீற்றரைத் தையாது விட்டால் பிள்ளை தடையின்றி நடக்கலாம். தையலுக்கு வெளியே எஞ்சிய துணியை வெட்டாமல் உள்ளே மடித்துவிட்டால், விழா முடிந்ததும் நூலைப் பிரித்து அத்துணியை வேறு வேலைக்கு எடுக்கலாம். இதே அங்கி, வெள்ளைப் படுக்கை விரிப்பிலே தைத்தால் தேவதைக்கு. சரிகைக் கரையுள்ள பழஞ்சீலையிலே தைத்தால் மூவரசருக்கு. நீலத்திலே தைத்தால் மரியாளுக்கு.

முடி செய்வதற்குப் பிள்ளையின் தலையை நூலாற் சுற்றி அளந்து, அதனோடு 2 சென்ரிமீற்றர் கூட்டி மட்டைத்தாளை நறுக்கவேண்டும். மேல் விளிம்பை முக்கோணங்களாக வெட்டி, மினுங்கற் கடதாசியைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி, நுனிகளிற் குன்றிமணிபோன்ற வண்ணப் பொத்தான்களைத் தைக்கலாம். உண்மைக் குன்றிமணியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தல் ஆகாது; அதன் விதை கடும் நஞ்சு. தேவதையின் இறகுக்குப் பழைய அட்டைப்பெட்டியின் இரு பக்கங்கள் போதும். வெள்ளைக் கடதாசியை இலை வடிவில் நறுக்கி, கீழிருந்து மேலாகக் கூரை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டி, துணிநாடாவால் இரு தோளிலும் கோத்து மார்பிலே குறுக்காகக் கட்டவேண்டும். கம்பி வைத்தால் அதன் முனை பின்னால் நிற்கும் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து.

கண்ணைக் கவரும் இந்த உடைகளுக்கு ஒரு பகைவன் உண்டு. அது நெருப்பு. பாரிசு நகரத்து ஒப்பெரா அரங்கிலே எம்மா லிவ்ரி என்னும் இளம் நடனமணி ஒருத்தி இருந்தாள். வாயு விளக்குகளால் மேடை ஒளிர்ந்த அக்காலத்தில், தீப்பற்றாதிருக்க மருந்திலே தோய்த்த உடைகளை அணியுமாறு நடனப் பெண்கள் பணிக்கப்பட்டிருந்தார்கள். அத்துணி விறைத்து நிறம் மங்கித் தோன்றியமையால் அவள் அதை மறுத்தாள். 1862ஆம் ஆண்டு நொவெம்பர் 15ஆம் நாள், ஒத்திகையின்போது அவளுடைய மெல்லிய பாவாடையை விளக்கொன்று பற்றியது. எட்டு மாதம் வேதனையிற் கிடந்து 1863ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அவள் இறந்தாள். கருகி எஞ்சிய அவ்வுடையின் துண்டுகள் பாரிசு ஒப்பெராவின் நூதனசாலையில் இன்றும் பேணப்படுகின்றன.

ஒளிவிழாவிலே கடதாசி இறகும் பஞ்சுத் தாடியும் அணிந்த பிள்ளைகள் எரியும் மெழுகுதிரியைக் கையிலேந்தி வரிசையாக வருவதைக் காணும்போது, அந்தத் துண்டுகள் நினைவுக்கு வருதல் வேண்டும். வாணி விழாவிலும் குத்துவிளக்கின் அருகே சிறுமியரின் தாவணி நுனி அசைகின்றது. மெல்லிய, இழை நெகிழ்ந்த துணி விரைந்து எரியும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். பஞ்சு நொடியிற் பற்றும். இறுக நெய்த பருத்தித் துணி ஓரளவு தாமதித்து எரிவதால், அதனைத் தேர்ந்து, கையும் விளிம்பும் தொங்கித் திரியாதவாறு தைத்தல் நன்று. தாடிக்குப் பஞ்சை விட்டு வெள்ளைத் துணியை நறுக்கி ஒட்டலாம். மெழுகுதிரிக்குப் பதிலாகச் சிறிய மின்கல விளக்கைக் கொடுத்தால் அழகு குறையாது. ஆனால் பொத்தான் போன்ற மின்கலத்தைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக் குழாய் வெந்துவிடும். ஆகையால் அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது என்பதையும், நின்று, நிலத்தில் விழுந்து, முகத்தைக் கையால் மூடி உருளவேண்டும் என்பதையும் ஒத்திகையிலேயே பயிற்றுவிக்கலாம். சுட்ட இடத்தை இருபது நிமிடம் குளிர்ந்த ஓடுநீரில் பிடிக்கவேண்டும். பற்பசையும் நெய்யும் பூசுதல் தீங்கு.

இறுதியாக, காய்ச்சல் என்று வீட்டிலிருந்துவிட்ட அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல். அப்பிள்ளையை மேடைக்குக் கொண்டுவருவது பெற்றார் ஒருவரால் மட்டும் ஆகிற காரியம் அன்று. விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே பாத்திரங்களைப் பகிர்ந்துகொடுத்து, துண்டுக் கடிதத்திலே உடை கொண்டுவருக என்று எழுதுவதற்குப் பதிலாக, ஒரு பழைய சாரமும் ஒரு துவாயும் அனுப்புக என்று எழுதலாம். ஏனைய வேலை வகுப்பறையிலே நிகழட்டும். தலையைச் சுற்றி அளப்பதும், துணியை இரட்டிப்பதும், வட்டத்தை ஆரையால் வரைவதும் கணித பாடமே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே கத்தரிக்கோலுக்குக் காத்திருந்து, ஒரே பசைக் கிண்ணத்தில் விரலைத் தோய்க்கும்போது, எவருடைய அங்கி எவ்விலை பெறும் என்ற கேள்வி எழாது. விழா முடிந்தபின் அங்கிகளைத் துவைத்து, வேப்பிலையோடு ஒரு பெட்டியிலிட்டு, அளவு எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கு அவை உதவும்.

விழாவுக்கு இன்னும் நாள் இருக்கின்றது. வேலியோரத்து மருதோன்றி தளிர்த்திருக்கிறதா என்று பார்ப்பதும், பெட்டியின் அடியிலிருக்கும் பழைய சாரத்தை எடுத்து உதறுவதும் இன்று மாலையே செய்யக்கூடியவை. பிள்ளையையும் அருகில் இருத்திக்கொண்டு செய்தால், தன் கையாலே ஆக்கிய முடியை அணிந்து மேடையேறும் அப்பிள்ளை, வாடகைச் சரிகை எதற்கும் தலை தாழ்த்தாது.